முதற்பருவக் காய்கறிக் கொல்லை



தோட்டப்புறத்தில் வாழும் குடும்பங்களில் பலருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் நாலு காய்கறிச் செடி வைக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. சிலர் வைத்தும் பார்த்திருப்பீர்கள். முதல் தடவை விதைத்தது சரியாக வராமல் போனதும், "நமக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி மண்வெட்டியை மூலையில் சாத்திவிடுகிறோம். கைராசி இதில் ஒன்றும் செய்வதில்லை. முதல் பருவத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தெரியாமல் இறங்குவதுதான் காரணம். இதுவரை பயிர் வைத்துப் பழகாதவர்களுக்காகவே இன்றைய பேச்சு. அனுபவமுள்ள பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் என் அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பதினாறு வயது. பால்மரத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் காலில் அடிபட்டு இரண்டு மாதம் பிரட்டுக்குப் போக முடியவில்லை. அம்மா ஒருவர் மட்டும் பால் வெட்டிக் கொண்டுவந்த சம்பளம் அரிசிக்கும் தம்பி தங்கையின் பள்ளிச் செலவுக்குமே சரியாக இருந்தது. கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் எங்கள் கடன் ஏறிக்கொண்டே போயிற்று. காய்கறியையாவது நாமே விளைத்துக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அம்மாவிடம் காசு வாங்கிக்கொண்டு போய் எட்டு வகை விதை வாங்கி வந்தேன். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை, பாகல், புடல், முள்ளங்கி, கோஸ். லயத்தின் பின்னால் ஒரு பெரிய பலா மரம் நின்றது. அதன் நிழலில் வேலை செய்யச் சுகமாக இருந்தது. அங்கேயே கொத்தினேன். கோழிக் கூண்டிலிருந்து பச்சை எருவை வாரிக் கொட்டினேன். அன்று மாலையே எட்டு விதையையும் விதைத்து முடித்தேன்.

மூன்று வாரத்தில் என்ன மிஞ்சியது தெரியுமா? முளைத்ததில் பாதி எருவின் சூட்டில் கருகிப் போயிற்று. மற்றவை வெளிச்சத்தைத் தேடி நூல் போல நீண்டு சாய்ந்தன. தப்பிய சிலவற்றைக் கோழி கிளறிப் போட்டுவிட்டது. கேமரன் மலைக் குளிரில் செழிக்கும் கோஸ் நம் லயத்து வெக்கையில் திரளும் என்று எதிர்பார்த்தது என் அறியாமை.

அடுத்த லயத்துப் பாட்டி ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, செடிக்கு வெயில் வேணும், உனக்கு நிழல் வேணும். நீ உனக்குப் பார்த்து இடம் எடுத்திருக்கே" என்றார். அவரே வெயில் படும் இடமாக ஒரு பாத்தியளவு காட்டிக் கொடுத்தார். கங்குங் விதை ஒரு கைப்பிடி கொடுத்தார். "முதல்லே இதை விளைச்சுச் சாப்பிடு. மத்ததைப் பிறகு பார்ப்போம்" என்றார். இருபத்தெட்டாம் நாள் கங்குங் அறுத்தோம். அம்மா மிளகாயும் பெலாச்சானும் இடித்துப் போட்டு வதக்கினார். அப்பா இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தப் பாட்டி சொன்னதைத்தான் நானும் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். முதல் பருவத்தில் சிறிதாகத் தொடங்குங்கள். உங்கள் இடத்து மண்ணையும் வெயிலையும் மழையையும் தெரிந்துகொள்வதே முதல் பருவத்தின் வேலை.

இடம் பார்த்தல்

மண்வெட்டியைத் தொடுமுன் மூன்று காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, அனுமதி. லயத்தைச் சுற்றியுள்ள நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானது. எந்த இடத்தில் பயிர் வைக்கலாம் என்று தோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கேளாமல் கொத்திவிட்டுப் பிறகு வேலியைப் பிடுங்கும்படி ஆவதைவிட, முன்னதாகக் கேட்பது மேல்.

இரண்டாவது, வெயில். ஒரு விடுமுறை நாளில் காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். மூன்று வேளையும் வெயில் விழுந்தால் நல்ல இடம். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். கீரை வகைகள் சற்று நிழலைத் தாங்கும். வெண்டையும் பயற்றங்காயும் தாங்கமாட்டா.

மூன்றாவது, தண்ணீர். குழாயிலிருந்து வெகு தூரத்தில் கொல்லை போட்டால் ஒரு வாரம் உற்சாகமாக வாளி தூக்குவோம். அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போய்த் திரும்பும் உடம்பு இரண்டாம் வாரம் கேட்காது. ஆகவே வீட்டுக்கும் குழாய்க்கும் அருகிலேயே இடம் பாருங்கள். குளியலறைச் சாக்கடை நீரைக் கீரைக்கு ஊற்றவே கூடாது. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம்.

மண்ணைப் பண்படுத்துதல்

முதல் பருவத்துக்கு இரண்டு பாத்திகள் போதும். ஒவ்வொன்றும் நாலு அடி அகலம், பத்து அடி நீளம். நாலு அடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுப்பாத்தி எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்து மிதித்தால் மண் இறுகிவிடும்.

லாலாங் புல் மண்டிய இடமானால் மேலே வெட்டிவிட்டால் மட்டும் போதாது. மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடும் அதன் கிழங்கு வேர்களை ஒன்று விடாமல் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு துண்டு தங்கினாலும் அது மறுபடி தளிர்க்கும். பொறுக்கியதை வெயிலில் காயப்போடுங்கள். பிறகு ஒரு முழ ஆழம் கொத்தி, கட்டிகளை உடைத்து, பாத்தியை எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் வரை உயர்த்திக் கட்டுங்கள். நம் நாட்டு மழையில் தட்டையான பாத்தி அரை மணி நேரத்தில் குளமாகிவிடும். வேர் அழுகுவதற்கு அதுவே முக்கிய காரணம். இரு பாத்திகளுக்கு இடையே ஓர் அடி அகலத்தில் தண்ணீர் ஓட வழி விடுங்கள்.

பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம் பெரும்பாலும் புளிப்பு மண்ணாக இருக்கும். அந்த மரங்கள் புளிப்பைத் தாங்கும். காய்கறிகளில் பல தாங்கமாட்டா. எவ்வளவு எரு போட்டாலும் செடி குட்டையாகவே நிற்கிறது என்றால், மண்ணின் புளிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். இதற்கு மருந்து விவசாயச் சுண்ணாம்புத் தூள். உரக்கடையில் கேட்டால் கிடைக்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேறு, இது வேறு. நான் சொன்ன அளவுப் பாத்திக்கு ஒரு கிலோ தூவி மண்ணோடு கலந்து, இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டுவிடுங்கள்.

அதன் பிறகுதான் எரு போட வேண்டும். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் கலந்தால் எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகப் பறந்துபோகும். ஆட்டெருவோ மாட்டெருவோ மக்கியதாகப் பார்த்துப் பாத்திக்கு இரண்டு வாளி போடுங்கள். கோழி எருவானால் ஒரு வாளி போதும். ஆனால் இரண்டு மாதமாவது குவித்து மக்க வைத்ததாக இருக்க வேண்டும். மோந்து பார்த்தால் மூக்கைத் துளைக்கும் வாடை போய், மண் வாசனை வர வேண்டும். அதுவே மக்கியதற்கு அடையாளம்.

விதைக்கும் காலம்

மேற்குக் கரை மாநிலங்களில் பொதுவாகப் பிப்ரவரி மாதம் மழை குறைவு. மார்ச் கடைசியில் மாலை மழை தொடங்கி ஏப்ரல், மே மாதங்களில் நன்றாகப் பெய்யும். ஆகவே பொங்கல் முடிந்ததும் நிலத்தைக் கொத்தத் தொடங்குங்கள். பிப்ரவரி மாதத்தில் சுண்ணாம்பும் எருவும் போட்டு முடியுங்கள். மார்ச் முதல் வாரத்தில் விதையுங்கள். கெடா, பெர்லிஸ் பக்கம் வறட்சி மார்ச் வரை நீள்வதுண்டு. அங்கே ஒரு மாதம் தள்ளித் தொடங்கலாம். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அந்த மழை அடங்கிய பிறகே அங்கே பாத்தி கட்ட வேண்டும்.

மார்ச் தொடக்கத்தில் விதைத்தால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே கீரை சாப்பிட்டுவிடலாம். புத்தாண்டு கழிந்த வாரத்தில் வெண்டை பறிக்கத் தொடங்கலாம்.

முதற்பருவத்துக்கு மூன்று பயிர்

கங்குங், வெண்டை, பயற்றங்காய். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றும் நம் வெக்கைக்கு ஏற்றவை. மூன்றையும் நேரே பாத்தியில் விதைக்கலாம். நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டியதில்லை.

விதை முளைக்குமா என்று முன்னதாகச் சோதியுங்கள். பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். ஐந்து நாளில் ஏழெட்டு முளை விட்டால் நல்ல விதை. மூன்று நாலுதான் முளைத்தது என்றால் அந்தப் பொட்டலத்தை நம்பி நாளை வீணாக்காதீர்கள்.

கங்குங் விதையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரை அங்குல ஆழத்தில் வரிசையாக விதையுங்கள். இருபத்தைந்து முதல் முப்பது நாளில் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி தளிர்க்கும். அதே பாத்தியின் ஒரு மூலையில் தண்டுக்கீரையும் தூவலாம். அதன் விதை மிகப் பொடி. மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் விழாது. எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் ரவை தூவி வைத்தால் எறும்பு அதைச் சுமந்து போகும். விதை தப்பும்.

வெண்டைக்கு இரண்டாவது பாத்தி. இரண்டு வரிசை, செடிக்குச் செடி ஒன்றரை அடி. ஒரு குழிக்கு இரண்டு விதை போட்டு, முளைத்த பிறகு நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளி எடுங்கள். பன்னிரண்டு செடி இருந்தால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழம்புக்குக் காணும். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும். இதில் ஒரு முக்கியமான விஷயம். காயை முற்றவிடாதீர்கள். விரல் நீளத்தில், நுனியை ஒடித்தால் படக்கென்று ஒடியும் பதத்தில் பறித்துவிடுங்கள். காய் முற்றி விதை பிடித்துவிட்டால் செடி புதிய பூ விடுவதைக் குறைத்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை பறிக்கிறவருக்கு நார்தான் கிடைக்கும்.

பயற்றங்காயை வேலியோரம் ஒரு வரிசை போடுங்கள். ஓர் அடிக்கு ஒரு குழி. ஏழு அடிக் கழி ஊன்றிக் கொடியை ஏற்றுங்கள். இதுவும் ஐம்பது நாளை ஒட்டிக் காய்க்கும். பயற்றஞ்செடியின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கின்றன. எனவே காய்ப்பு ஓய்ந்த பிறகு கொடியை மட்டும் அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள். அடுத்து அங்கே கீரை போட்டால் நன்றாக வரும்.

மிளகாயும் கத்தரியும் வேண்டுமே என்று தாய்மார்கள் கேட்பீர்கள். ஆளுக்கு இரண்டு மூன்று செடி வையுங்கள். ஆனால் அவை நாற்று விட்டு, நாலைந்து வாரம் கழித்துப் பிடுங்கி நட்டு, அதன் பிறகும் இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய பயிர்கள். அவற்றை மட்டுமே நம்பித் தொடங்குகிறவர்கள் பாதியில் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். இருபத்தெட்டாம் நாள் கங்குங் தட்டில் விழுந்தால்தான் மிளகாய்க்குக் காத்திருக்கும் பொறுமை வரும்.

தண்ணீரும் காவலும்

காலையிலோ மாலை வேலை முடிந்தோ ஒரு வேளை நன்றாக ஊற்றினால் போதும். மண்ணை விரலால் குத்திப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குக் கீழே ஈரமிருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். பூவாளி இல்லாவிட்டால் சமையல் எண்ணெய்த் தகரத்தின் அடியில் ஆணியால் துளை போட்டுப் பயன்படுத்தலாம். காய்ந்த புல்லைச் செடியைச் சுற்றி மூடி வைத்தால் ஈரம் காயாது. களையும் குறையும்.

தண்ணீர் சேர்த்து வைக்கும் பீப்பாயை மூடி வையுங்கள். திறந்த தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சல் அதனால்தான் வருகிறது. 1975ஆம் ஆண்டின் சட்டப்படி கொசு வளர இடங்கொடுப்பது குற்றமும் ஆகும்.

கோழிக்கும் ஆட்டுக்கும் வேலி அவசியம். பழைய மீன்வலை கூடப் போதும். நத்தையை இரவில் டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்கலாம். கையில் உறையோ பையோ போட்டுக்கொண்டு பொறுக்குங்கள். பயற்றங்கொடியின் இளந்தளிரில் கறுப்பாக அப்பியிருக்கும் அசுவினிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளித்தால் போதும்.

கத்தரியோ மிளகாயோ பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடிச் சாய்ந்தால், தண்டை அறுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். பால்போல் வெள்ளை இழை இறங்கினால் அது வாடல் நோய். மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் மறுபடி நடாதீர்கள். கங்குங்கோ பயறோ போடலாம்.

மருந்துத் தகரம் வேண்டாம்

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். இந்தப் பேச்சில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

தோட்டத்தில் களைக்கும் பூச்சிக்கும் அடிக்கும் மருந்தின் காலித் தகரம், காலிக் குடுவை எதையும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். பத்துத் தடவை கழுவினாலும் அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. செடிக்கு ஊற்றவும் கூடாது. அந்த நஞ்சு செடிக்குப் போய், நம் பிள்ளைகளின் தட்டுக்கு வரும். பல ஆண்டுகள் தோட்டங்களில் அடிக்கப்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லி ஒரு மிடறு உள்ளே போனாலே உயிரைக் குடிக்கக்கூடியது. மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. எனினும் வேறு மருந்துகள் இன்றும் அடிக்கப்படுகின்றன. எங்கோ மூலையில் பழைய தகரம் கிடக்கவும் கூடும். காலித் தகரங்களை ஸ்டோரிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

தோட்டத்து மருந்தைக் கொஞ்சம் கொண்டுவந்து வீட்டுச் செடிக்கு அடிப்போம் என்ற எண்ணமும் வேண்டாம். அது கீரைக்காகச் செய்த மருந்தன்று. இன்று அடித்து நாளை அறுக்கும் கீரையில் நஞ்சு அப்படியே இருக்கும். மருந்து அடிக்கும் வரிசையை ஒட்டிக் கொல்லை போடாதீர்கள். காற்றில் சாரல் வரும். மருந்து அடித்து வந்த உடுப்போடு கொல்லையில் இறங்காமல், முதலில் குளித்து, அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். மருந்து அடிப்பவர்களில் நம் தாய்மார்கள் பலர். வீட்டில் உள்ளவர்கள் இதை அவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டும்.

நிலம் நமதில்லை என்பதால்

"நாளைக்குத் தோட்டத்தை விற்றுவிட்டால் கொல்லையும் போய்விடுமே, எதற்கு இந்தப் பாடு?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தோட்டங்கள் விலையாகி வீடமைப்புத் திட்டங்களாக மாறியதையும், நம்மவர்கள் வாழையையும் முருங்கையையும் விட்டுவிட்டு வெளியேறியதையும் பார்த்திருக்கிறோம்.

ஆனாலும் தோட்டத் தொழிலாளிக்குக் கொல்லை என்பது புதிய சங்கதியன்று. பிரிட்டிஷ் ஆட்சியில் 1920களில் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலேயே, குடும்பமுள்ள இந்தியத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதாவது சுமார் 2,700 சதுர அடி. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் தவித்தபோது மரவள்ளியும் சக்கரவள்ளியும் பல உயிர்களைக் காத்தன. 1974இல் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது பச்சைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பட்டு, வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடும்படி நாடு முழுவதும் ஊக்கம் தரப்பட்டது.

நிலம் நிச்சயமில்லை என்பதற்காகப் பயிரிடாமல் இருக்க வேண்டாம். அதற்கு ஏற்றபடி பயிரிடுவோம். நான் சொன்ன மூன்று பயிரும் மூன்று நாலு மாதத்தில் பலன் முழுவதையும் தந்துவிடும். கறிவேப்பிலை, மிளகாய் போன்று நெடுநாள் நிற்பவற்றைப் பழைய வாளியில் வையுங்கள். வீடு மாறினால் கூடவே எடுத்துப் போகலாம். அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்களும் வெயில் விழும் இடத்தில் இரண்டு பெட்டியில் கங்குங் வளர்க்க முடியும். போட்ட பாத்தி போனாலும் கற்றுக்கொண்ட வேலை நம்மோடு வரும்.

ஒரு சிறு கணக்கு

கடைசியாக ஒரு யோசனை. பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, விதைத்த நாள், முளைத்த நாள், முதலில் பறித்த நாள் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவை பறிக்கும்போதும் அதைக் கடையில் வாங்கியிருந்தால் என்ன விலை ஆகியிருக்கும் என்பதையும் எழுதட்டும். கெட்டுப்போனதையும் மறைக்காமல் எழுதுங்கள். எந்த மூலையில் தண்ணீர் நின்றது, எந்த மாதம் புழு வந்தது என்ற விவரம் இரண்டாம் பருவத்தில் பணத்தைவிடப் பெறுமதியாக இருக்கும்.

நாங்கள் அப்படி எழுதிவைத்த நோட்டில் முதல் வரி, "கங்குங், இரண்டு கட்டு" என்பது. ஆறு மாதம் கழித்துக் கடைக்காரரின் புத்தகத்தில் காய்கறி என்று எழுதுவது நின்றுபோயிருந்தது. அரிசிக் கடன் இருக்கத்தான் செய்தது. ஆனால் அம்மா கடைக்குப் போகும்போது தலை நிமிர்ந்து போனார்.

இந்த வாரம் உங்கள் வீட்டைச் சுற்றி எங்கே மூன்று வேளையும் வெயில் விழுகிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள். மற்றவை அதன் பிறகு நடக்கும்.